எங்கேயும் போகாதவரின் காய்ச்சல்

காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போனால் டாக்டர் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேராது. எத்தனை நாளாகக் காய்ச்சல், வாந்தி உண்டா, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதா என்பதெல்லாம் உடம்பைப் பற்றியவை. "சமீபத்துல எங்கயாச்சும் வெளியூர் போனீங்களா?" என்பது அப்படியல்ல. அது நம் நடமாட்டத்தைப் பற்றிய விசாரணை.

ஆயர் ஈத்தாமில் அந்தக் கேள்வி பெரும்பாலும் சடங்குக்குத்தான் கேட்கப்படும். இங்கே காய்ச்சல் என்றால் முதலில் டிங்கி. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வரச் சொல்வார்கள். மலேரியா என்ற சொல் அந்த அறைக்குள் நுழைய வேண்டுமானால் "ஆமா, போனேன்" என்று நாம் சொல்லியிருக்க வேண்டும். சபாவின் உட்பகுதிக்கோ, ஆப்பிரிக்காவுக்கோ, ஒடிசா மலைப்பக்கமோ. "இல்ல டாக்டர், வீடு விட்டா வேலை, வேலை விட்டா வீடு" என்றால் அந்தக் கதவைச் சாத்திவிடலாம். இதில் தப்பில்லை. நிகழ்தகவு பார்த்து வேலை செய்கிற யாரும் இப்படித்தான் செய்வார்கள். தொழிற்சாலையில் நானும் இதைத்தான் செய்கிறேன்.

ஆனால் எங்கேயும் போகாதவருக்கும் மலேரியா வருவதுண்டு. சிங்கப்பூருக்கு மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்று 1982-லேயே கிடைத்துவிட்டது. 2007-இல் அங்கே ஓர் இளம் ராணுவ வீரருக்குக் காய்ச்சல், ரத்தத்தில் மலேரியா. சிங்கப்பூருக்குள்ளேயே, பயிற்சிக்குப் போன காட்டில் தொற்றியிருந்தது. 2023-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், சரசோட்டா வட்டாரத்தில் ஏழு பேருக்கு உள்ளூரிலேயே வந்தது. அந்த நாட்டில் அப்படி நடந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. ஐரோப்பாவில் விமான நிலையங்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வந்திருக்கிறது. அங்கே பயணம் செய்தது மனிதர் அல்ல, கொசு. ரத்தம் ஏற்றியதன் வழியாகவும் வந்ததுண்டு.

இப்படி ஒருவர் "நான் எங்கயும் போகல" என்று சொல்லும்போது என்ன நடக்கிறது என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. முதலில் அவரைச் சுலபத்தில் நம்ப முடியாது. கேள்வி வேறு வேறு விதமாகத் திரும்ப வரும். போன மாசம்? போன வருஷம்? ஏர்போர்ட்டுக்கு? ஒருவழியாக நம்பிவிட்டால் கேள்வி அவரை விட்டுவிட்டு அடுத்த ஆளைத் தேடும். இவர் போகவில்லை என்றால் யாரோ வந்திருக்க வேண்டும். யாரால் வந்தது?

இந்த "யாரால்" என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கலாம். எஸ்.பி.எம். தமிழுக்கு மனப்பாடம் செய்த மூன்றாம் வேற்றுமை ஞாபகம் இருக்கலாம். 'ஆல்' என்ற ஒரே உருபு கருவியையும் குறிக்கும், கருத்தாவையும் குறிக்கும். கத்தியால் வெட்டினான் என்றால் கத்தி கருவி. சிற்பியால் செய்யப்பட்ட சிலை என்றால் சிற்பி கருத்தா. கருத்தாவிலும் இரண்டு வகை உண்டு. தானே செய்பவர் இயற்றுதல் கருத்தா, செய்யச் சொன்னவர் ஏவுதல் கருத்தா. அரசனால் கட்டப்பட்ட கோயில் என்கிறோம், அரசன் ஒரு கல்லைக்கூடத் தூக்கியிருக்க மாட்டான். பரீட்சைக்குப் படிக்கும்போது இதெல்லாம் மார்க்குக்கான சமாச்சாரம். இப்போது நினைத்தால், ஒழுக்கம் பற்றிப் பேசுவதற்கு இதைவிடக் கூர்மையான பிரிவினை எனக்குத் தெரிந்து பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை. "அவனாலதான் வந்துச்சு" என்று சொல்லும்போது அவன் கத்தியா, சிற்பியா, அரசனா? உருபு ஒன்றுதான் என்பதால் வாய்க்குப் பேதம் தெரிவதில்லை. கோபத்துக்கும் தெரிவதில்லை.

2017 செப்டம்பரில் இத்தாலியில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று மலேரியாவால் இறந்தது. மலேரியா உள்ள எந்த நாட்டுக்கும் அந்தக் குழந்தை போனதில்லை. கொஞ்ச நாள் முன்பு வேறு காரணத்துக்காக டிரென்டோ நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தது. அதே சமயத்தில் அங்கே, புர்கினா ஃபாசோவுக்குப் போய்த் திரும்பிய ஒரு குடும்பத்தின் பிள்ளைகளும் மலேரியாவுக்காகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் 'லிபெரோ' என்ற நாளிதழ் முதல் பக்கத்தில், வந்தேறிகள் வறுமையைக் கொண்டுவந்தது போதாதென்று நோயையும் கொண்டுவருகிறார்கள் என்ற பொருளில் தலைப்பு போட்டது. பின்னர் நடந்த விசாரணை மருத்துவமனைக்குள்ளேயே ரத்தத்தின் வழி தொற்றியிருக்கலாம் என்ற திசையில் போனது. அப்படியானால், காய்ச்சலோடு படுத்துக்கிடந்த இன்னொரு பிள்ளை இந்தக் கதையில் என்னவாக இருக்க முடியும்? அதிகபட்சம் கருவி. கருவிகூட இல்லை, இன்னொரு நோயாளி. ஆனால் தலைப்பு எழுதியவருக்கு அந்தக் குடும்பம்தான் கருத்தா.

மலேரியா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வர மூன்று பேர் தேவை: ஒட்டுண்ணி, கொசு, மனிதர். நடுவில் தண்ணீர் தேங்கும் இடம், ஓட்டை வலை, தாமதமான சிகிச்சை என்று இன்னும் பல. இத்தனையில் பாஸ்போர்ட் உள்ளது மனிதருக்கு மட்டும்தான். அதனால் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் அவர் பெயரே விழுகிறது.

இதே மாதிரியான ஒரு சம்பவத்தை வேறு விதமாகவும் கையாளலாம் என்பதற்கு இலங்கை உதாரணம். மலேரியா விஷயத்தில் அவ்வளவு அடி வாங்கிய நாடு அது. 1934-35 கொள்ளைநோயில் செத்தவர்கள் சுமார் 80,000 பேர். 1963-இல் நாடு முழுக்க வெறும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு வந்து, ஒழிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் திரும்பி வந்ததைப் பார்த்தார்கள். கடைசி உள்ளூர் நோயாளி 2012 அக்டோபரில். சான்று 2016-இல். பிறகு 2018 இறுதியில் மொனராகலை மாவட்டத்தில் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு மலேரியா. அங்கே வேலைக்கு வந்திருந்த இந்தியத் தொழிலாளி ஒருவரிடமிருந்து கொசு வழியாக வந்தது என்று கண்டுபிடித்தார்கள். அவரால் வந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். அவர்கள் செய்தது சிகிச்சையும், சுற்றி இருந்தவர்களைச் சோதிப்பதும், கொசுவைத் தேடுவதும். தொடர் அங்கேயே அறுந்தது. இதை நான் கருணை என்று சொல்ல மாட்டேன். கெட்டிக்காரத்தனம் என்பேன். அடுத்த தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தால் அவர் தானாக வந்து கையை நீட்ட வேண்டும் என்று நினைக்கிற ஊர் இந்தத் தொழிலாளியைத் தூக்கி வீதியில் போடாது.

சரி, நம் ஊருக்கு வருவோம். நம் ஊரில் கதை தலைகீழ். இங்கே யாருமே கொண்டுவரவில்லை.

மலேரியாவைப் பதிவு செய்ய ஒரு வகைப்பாடு உண்டு. வேறு நாட்டில் தொற்றிக்கொண்டு வந்தால் 'இறக்குமதி'. அப்படி வந்தவரிடமிருந்து நேரே உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் போனால் 'அறிமுகம்'. அவரிடமிருந்து இன்னொருவருக்குக் கை மாறிவிட்டால் அது 'பூர்வீகம்'. பொறியாளர்கள் எழுதியது போல அவ்வளவு துல்லியம். ஒட்டுண்ணிக்குப் பூர்வீகத் தகுதி கிடைக்க இரண்டு தலைமுறை போதும் என்பதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். நம் ஆட்களுக்கு நான்காம் தலைமுறையிலும் சில வாய்களில் 'பெண்டாத்தாங்' என்ற பெயர்தானே.

மலேசியாவில் 2018-இலிருந்து பூர்வீக மனித மலேரியா பூஜ்யம். பெரிய சாதனை இது, சந்தேகமே வேண்டாம். அதே 2018-இல் இந்த நாட்டில் 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா வந்தது, சிலர் இறந்தார்கள். இரண்டும் உண்மை. எப்படி என்றால், அந்த நாலாயிரம் பேரின் ரத்தத்தில் இருந்தது மனித மலேரியா அல்ல. பிளாஸ்மோடியம் நோலெசி. குரங்கு மலேரியா. நம் ஊரில் கெரா என்கிற நீண்டவால் குரங்கும், பெரோக் என்கிற பன்றிவால் குரங்கும் உடம்பில் வைத்திருக்கிற ஒட்டுண்ணி. அவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. காட்டோரக் கொசு ஒன்று குரங்கையும் கடித்து மனிதரையும் கடித்தால் நமக்கு வந்துவிடுகிறது.

இந்த ஒட்டுண்ணியைக் கண்டுகொள்ள எவ்வளவு காலம் ஆனது என்பது தனிக் கதை. 1930-களின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுபோன குரங்கின் ரத்தத்தில் இதைப் பார்த்தார்கள். அங்கே வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இருந்த ராபர்ட் நோல்ஸும் தாஸ் குப்தாவும் இது மனிதருக்கும் ஏறும் என்று ஊசி வழியாகக் காட்டினார்கள். நோலெசி என்ற பெயர் நோல்ஸிடமிருந்து வந்தது. தாஸ் குப்தாவுக்குப் பெயரில் இடம் கிடைக்கவில்லை, அதுவும் அந்தக் காலத்து வழக்கம். இயற்கையாக மனிதருக்கு வந்தது முதன்முதலில் தெரிந்தது 1965-இல். பகாங் காட்டில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா திரும்பிய ஒரு நில அளவையாளர். அவர் ரத்தத்தைச் சிறைக் கைதிகளுக்கும் குரங்குகளுக்கும் ஏற்றிப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். 'தன்னார்வலர்கள்' என்று ஆவணங்கள் சொல்கின்றன. கைதி ஒருவரின் தன்னார்வம் எவ்வளவு தன்னுடையது என்ற கேள்வியை இங்கே எழுப்பினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும், அதனால் நகர்கிறேன். பிறகு பகாங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களிடம் ரத்தம் எடுத்துக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. அபூர்வம் என்று முடிவு செய்து கோப்பை மூடினார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் மூடியே கிடந்தது. அதற்குள் நோயாளிகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் நோலெசியின் முதிர்ந்த வடிவம் மலேரியே என்ற சாதுவான மனித ஒட்டுண்ணி மாதிரியே இருக்கும். ஆகவே அறிக்கையில் மலேரியே என்று எழுதினார்கள். சரவாக்கின் கப்பிட் பகுதியில் சாதுவான ஒன்று இவ்வளவு முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறதே என்று சந்தேகப்பட்டவர் சரவாக் பல்கலைக்கழகத்தின் பல்பீர் சிங். அவரும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் சக ஆய்வாளர்களும் 208 பேரின் ரத்தத்தை மரபணு முறையில் சோதித்தார்கள். 120 பேருக்கு நோலெசி. பாதிக்கு மேல். 2004-இல் 'லான்செட்' இதழில் வந்தது. கண்ணாடிச் சில்லில் எல்லாம் எப்போதும் இருந்தது. அதைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விதான் இல்லை.

மரபணு ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. இந்தப் பகுதியில் மனிதர்கள் குடியேறுவதற்கு முன்பிருந்தே நோலெசி இங்கே இருக்கிறது. அதாவது நம் நாட்டில் பூர்வீகம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதியுள்ள மலேரியா ஒன்று உண்டென்றால் இதுதான். ஆனால் பூர்வீகக் கட்டத்தில் இது எழுதப்படுவதில்லை. தனிக் கட்டம்.

அந்தப் பூஜ்யம் நேர்மையானதா என்று கொஞ்ச நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் வேலையில் இதே கேள்வி வேறு உடையில் வரும். வாடிக்கையாளரிடமிருந்து பழுதான சில்லு ஒன்று திரும்பி வந்தால் முதல் கூட்டத்தில் பெரும்பாலும் "ஏன் கெட்டுச்சு?" என்று யாரும் தொடங்குவதில்லை. "யார் பக்கம்?" மூலப்பொருள் கொடுத்தவர் பக்கமா, நம் லைனா, வாடிக்கையாளர் மின்னழுத்தத்தை ஏற்றிவிட்டாரா. வாடிக்கையாளர் பக்கம் என்று தீர்ந்தால் நம் கணக்கில் பழுது ஏறாது. அதைப் பொய் என்று சொல்ல முடியாது. நம் லைனில் உண்மையிலேயே பிரச்சினை இல்லாமல் இருக்கலாம். சில்லு மட்டும் கெட்டுப்போய் மேசைமேல் கிடக்கும்.

மலேரியாக் கணக்கிலும் பிரித்து எழுதுவதற்குச் சரியான காரணம் இருக்கிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் போகும் மலேரியாவை மருந்தாலும் வலையாலும் தொடரறுக்கலாம். அறுத்தும் காட்டிவிட்டார்கள். குரங்கிடமிருந்து வருவதை அதே வழியில் அறுக்க முடியாது. எல்லாக் குரங்குக்கும் மாத்திரை கொடுக்க முடியாது. அந்தக் கொசு வீட்டுக்கு வெளியே, அந்தி நேரத்திலேயே கடிக்கும் என்பதால் வலைக்குள் படுப்பதும் பெரிதாக உதவாது. இரண்டையும் ஒரே எண்ணில் கலந்தால் எது வேலை செய்கிறது என்றே தெரியாது. இதுவரை சரி. எனக்கு இடிக்கிற இடம், அந்த எண் கட்டத்தை விட்டு வெளியே வந்து மேடையேறும்போது. மலேரியா இல்லை என்று ஆகிவிட்ட நாட்டில் மலேரியா வந்தவர் யார்? பெரும்பாலும் சபா, சரவாக்கின் விவசாயி, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர், மரம் வெட்டுபவர். தீபகற்பத்தில் காட்டோரம் வாழ்பவர். பிரித்து எண்ணியது மருத்துவம். பிரித்ததை மறந்துவிட்டு மீதியைக் கொண்டாடுவது வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று இன்னும் நமக்கு வராததில் எனக்கு வருத்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு வேடிக்கை. 2007-இல் தீபகற்ப மலேசியாவுக்கு வந்து போன ஃபின்லாந்துப் பயணி ஒருவருக்கு ஊர் திரும்பியபின் நோலெசி இருந்தது தெரிந்தது. ஹெல்சிங்கியில் ஒரு டாக்டர் "எங்கே போனீர்கள்?" என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்கான பதில் நாம். அங்கே நாம்தான் அந்த 'எங்கேயோ'.

அப்படியென்றால், குரங்கிடம் காலங்காலமாக இருந்தது இப்போது ஏன் இவ்வளவு பேருக்கு வருகிறது? சோதனை மேம்பட்டது ஒரு காரணம். காடு வெட்டுவது இன்னொன்று. சபாவின் கூடாட், கோத்தா மாருடு மாவட்டங்களில் நடந்த ஆய்வில், சுற்றிலும் காட்டை அதிகம் இழந்த கிராமங்களில் நோலெசியும் அதிகம் இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள். குரங்கு ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது, மனிதர் ஓரத்துக்கு வேலைக்குப் போகிறார், கொசுவுக்கு இருவரும் கைக்கெட்டும் தூரம்.

இந்த இடத்தில் தோட்டப்புறத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காட்டை வெட்டியதால் மலேரியா வந்த கதையில் நம் ஆட்கள் ஏற்கெனவே ஒருமுறை செத்திருக்கிறார்கள். மால்கம் வாட்சன் என்ற டாக்டர் 1901 முதல் கிள்ளான் பக்கம் வேலை பார்த்தவர். கடற்கரைச் சமவெளியில் சதுப்பை வடித்து காட்டை அழித்தால் மலேரியா குறைந்தது. அதே வைத்தியத்தை மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோது நேர்மாறு. மரங்கள் போனதும் ஓடைகள்மேல் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் மாக்குலாட்டஸ் என்கிற கொசுவுக்குப் பிடித்த இடம். நிழல் இருந்தவரை அங்கே அதற்கு வேலை இல்லை. பால்மரம் நடுவதற்காகக் காட்டைத் திறந்தவர்கள் காய்ச்சலையும் சேர்த்தே நட்டார்கள். லயங்களில் கூட்டம் கூட்டமாகச் செத்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள்.

அவர்கள் பயணம் செய்து வந்தவர்கள்தான். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். வந்து இறங்கியவர்கள் நோய் எதையும் கொண்டுவந்துவிடக் கூடாதே என்று ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்துப் பார்த்தார்கள். பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்துக் கடலில்தான் அந்தத் தீவு இருக்கிறது, தினமும் பார்க்கிறேன். இவர் உடம்பில் என்ன கொண்டுவருகிறார் என்று அத்தனை கவனமாகப் பார்த்தார்கள். போகிற இடத்தில் இவருக்காக என்ன காத்திருக்கிறது என்பது யாருடைய கட்டத்திலும் வரவில்லை.

இங்கே இலக்கணத்தைப் போட்டுப் பார்க்கலாம். யாரால் வந்தது? கொசு கருவி. வெயில் கருவி. காட்டை வெட்டிய கை தமிழரின் கை, ஆகவே இயற்றுதல் கருத்தா அவரே, செத்ததும் அவரே. ஏவுதல் கருத்தா லண்டனில் பங்கு வாங்கியவர்வரை நீளும். இன்றைய சபாவில் இந்தச் சங்கிலி எங்கே முடியும்? செம்பனை எண்ணெய் இல்லாத பிஸ்கட்டோ சவர்க்காரமோ இன்னிக்குத் தேடித்தான் பிடிக்கணும். ஏவியவர் என்ற இடத்தில் மெலிசாக, பத்து சென் அளவுக்கு, என் பெயரும் உங்கள் பெயரும் இருக்கும். இதைச் சொன்னால் நண்பர்கள் சிலர், எல்லாரும் குற்றவாளி என்றால் யாருமே குற்றவாளி இல்லை என்பார்கள். அந்த வாதம் எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது. குற்றத்தைத்தான் அப்படிப் பங்கு போட்டுக் கரைக்க முடியும். பொறுப்பு வேறு மாதிரி வேலை செய்யும். எங்கள் பிளாட்டில் மாடித் தொட்டி கசிந்தால் எந்த வீட்டுக்காரரும் குற்றவாளி இல்லை, ஆனாலும் பராமரிப்புப் பணத்தை எல்லாரும் கட்டுகிறோம். கட்டாதவரை யாரும் கொலைகாரர் என்பதில்லை. கட்டச் சொல்கிறோம்.

குற்றவாளியைத் தேடுகிற பழக்கத்துக்குக் குரங்கும் தப்பாது. ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுப் பாதையிலும் தாவரவியல் பூங்காவிலும் கொடிமலையிலும் குரங்குகளைப் பார்க்காமல் திரும்ப முடியாது. பிளாஸ்டிக் பையைப் பிடுங்கும், குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும். நம் பக்கம் நோலெசிக்காகப் பயந்து நடக்கும்படி ஒன்றும் இல்லை, பெரும்பாலான நோயாளிகள் கிழக்கு மலேசியாவில்தான். இருந்தாலும் 'குரங்கு மலேரியா' என்ற பெயரைக் கேட்டதும் அலுவலகத்தில் ஒரு நண்பர் சொன்னது: "அப்ப சுட்டுட வேண்டியதுதானே?" நீண்டவால் குரங்கு 2022-இலிருந்து அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது என்றேன். "நம்ம மார்க்கெட் பக்கம் வந்து பார்க்கச் சொல்லு அந்தப் பட்டியல்காரங்கள" என்றார். பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கேள்வியின் வடிவம் இத்தாலியத் தலைப்பின் வடிவமேதான். அங்கே பாஸ்போர்ட் இருந்தவர் மாட்டினார், இங்கே வால் இருப்பது மாட்டுகிறது.

என் பாட்டி கெடாவில் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருடைய அப்பா கால்வாய்களில் மலேரியா எண்ணெய் அடிக்கும் வேலையில் இருந்தார். கொசுப்புழு மூச்சு முட்டிச் சாவதற்காகத் தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் விடுவார்கள். அந்த வாடை சட்டையை விட்டுப் போகவே போகாதாம். அவரிடம் இந்தக் குரங்கு விஷயத்தையெல்லாம் சொன்னேன். பூர்வீகம், இறக்குமதி, பூஜ்யம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மருந்து இருக்கில்ல அதுக்கு?"

"இருக்கு பாட்டி. சீக்கிரம் போயிட்டா மூணு நாள் மாத்திரை."

"அப்ப போகச் சொல்லும்மா."

யாரைப் போகச் சொல்வது என்பதுதான் பிரச்சினை. சபாவின் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் நிறைய பேர் இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் வந்தவர்கள், பலரிடம் ஆவணம் இல்லை. முறைப்படி வரும் அந்நியத் தொழிலாளர்களை ஃபோமீமா மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். அந்தப் பட்டியலில் மலேரியாவும் உண்டு. உள்ளே வரும்போது அவர் ரத்தத்தில் மலேரியா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மலேரியா இருக்கும் காட்டோரத்துக்கு அனுப்புகிறோம். ஜெரெஜாக் ஞாபகம் வருகிறது. அங்கே அவருக்கு நோலெசி வந்தால் அவர் எங்கும் போகாமலேயே, நம் மண்ணில், நம் குரங்கிடமிருந்து வாங்கிக்கொண்டது. ஆனால் ஊர் வாயில் அவர்தான் கொண்டுவந்தவர்.

அவர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம். வெளிநாட்டவர் கட்டணம் உள்ளூர்க்காரர் கட்டுவதைவிடப் பல மடங்கு. ஆவணம் இல்லாமல் சிகிச்சைக்கு வருபவரைப் பற்றி போலீஸுக்கும் குடிநுழைவுத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 2001-இல் சுகாதார அமைச்சு போட்ட சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. மனித மலேரியா ரத்தத்தில் ஒரு சுற்றுப் பெருக 48 அல்லது 72 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நோலெசிக்கு 24 மணி நேரம் போதும். முதல் நாள் காய்ச்சலுக்கு அவர் பெரும்பாலும் பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். இரண்டாம் நாள் கூட இருப்பவர்களிடம் கேட்பார், போனால் பிடித்துக்கொள்வார்களா என்று. மூன்றாம் நாள் யாரிடமாவது கடன் கேட்பார். அந்தக் கணக்கில் ஒவ்வொரு இரவும் ஒரு சுற்று.